அடுப்புக்கு நேர் மேலே

முறுக்குப் பிழிந்தது உன் பெண்டாட்டியா, இல்லை நீ வளர்க்கிற மீனா என்று கேட்டதற்கு யுவனேஸ்வரன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான், எனக்கென்ன. ஜாசின் ஊரின் பழைய கடைவரிசையில் என் மாவு மில்லுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கீழே அவன் மனைவி ராகினியின் முறுக்குக் கடை. மாடியில் இருவருக்கும் குடித்தனம். அந்தச் சுவரைத் தாண்டி எனக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடக்காது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிற வாய் எனக்கு. புருஷன் போய், மில்லை நான் ஒருத்தியாக ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான். மாவுமில் மாரியம்மா என்றால் பாசார் சந்தையில் விலை பேசவே யோசிப்பார்கள்.

விஷயம் இதுதான். பெம்பான் பக்கத்து செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் யுவனுக்கு வேலை. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள், இவன் இருந்த இடத்திலேயே இருந்தான். அந்தச் சமயத்தில் ஊரை விட்டுப் போன ஒரு சீனத் தவுக்கே முதலாளி, விரல் நீளத்தில் ஒரு அரோவானா மீன் குஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனார். மலாய்க்காரர்கள் கெலிசா என்பார்களே, அந்த ஜாதி. வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கொடுத்தாராம். அது வந்த வருஷந்தான் ராகினியின் முறுக்குக்கு ஜொகூரிலிருந்து ஆர்டர் வந்தது. அடுத்த வருஷம் சிங்கப்பூரிலிருந்தும் வந்தது. ராகினி விடியற்காலையிலிருந்து பொழுது சாயும்வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறாள், கால் நரம்பு சுருண்டு கிடக்கிறது. இவன் காப்பிக் கடையில் உட்கார்ந்து, மீன் வந்த ராசி என்கிறான். மீன்காரர் யுவன் என்று நாலு பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆலையில் கிடைக்காத மரியாதை மீனால் கிடைத்தது. அதனால்தான் நான் அப்படிக் கேட்டேன்.

அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். என் மில் மோட்டார் நின்றால் கூப்பிடாமலே வந்து பார்ப்பான். ராகினிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பான். ஆனால் அந்த மீன் வளர வளர, அவன் கண் வேறு எதிலும் தங்காமல் போயிற்று.

புரட்டாசிக்கு முன்னால் மெர்லிமாவில் ஒரு காதுகுத்துக்கு அவன், ராகினி, நான் மூவரும் அவன் காடியில் ஏறிப் போனோம். திரும்பும்போது ஒரு மீன் கடையில் நிறுத்தினான். கடைக்காரன் விமலன் இளவட்டம், தொழில் தெரிந்தவன்.

“மீனு இப்ப எவ்ளோ நீளம்ணே?” என்று கேட்டான்.

“ரெண்டடிய நெருங்கிருச்சு.”

“தொட்டி?”

“நாலடி.”

விமலன் முகத்தைச் சுளித்தான். “பாவம்லா. நீளத்தத்தான் எல்லாரும் பாக்கறாங்க. அகலந்தாண்ணே முக்கியம். ஒடம்ப வளைக்காம திரும்பணும் அது. மீனு நீளத்துக்கு அகலம் இல்லன்னா முதுகு கோணிரும். கண்ணு கீழ தொங்கிரும். உங்களுது தொங்குதா?”

“ஒரு கண்ணு லேசா.”

“அப்ப சீக்கிரம் மாத்திருங்க. ஆறடி நீளம், ரெண்டரை அகலம், ரெண்டரை ஒசரம். அதுக்குக் கொறைச்சு நான் சொல்ல மாட்டேன்.”

யுவன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற முகம்.

“தனியாவே கெடக்குது. கூட என்னா போடலாம்?”

“அது வாய்க்குள்ள போற சைஸ்ல எதையும் போடாதீங்க. அது மேல் தண்ணியில ஓடுறது. மேல வந்து இடிக்கிற மீனும் வேணாம். இன்னொரு அரோவானா போடவே போடாதீங்க. போட்டீங்களா?”

ராகினிதான் சொன்னாள். “போட்டாரு. காலைல பாத்தா பாதிதான் இருந்துச்சு.”

“அதான்க்கா. வளத்தா ஒன்னு வளக்கணும். இல்லன்னா ஆறேழு வளக்கணும், அப்ப ஒன்ன ஒன்னு அடிக்கறது பிரிஞ்சி போயிரும். ரெண்டுன்னா ஒன்னு சாவும்.” விமலன் எங்களை ஓரத்துத் தொட்டிக்குக் கூட்டிப்போனான். அடியில் தோசை மாதிரி ஒன்று மணலோடு மணலாகக் கிடந்தது. உடம்பெல்லாம் புள்ளி. “ஆத்துத் திருக்கை. இதப் போடுங்க. இது கீழயே கெடக்கும், அது மேலயே ஓடும். ஒன்னு வழிக்கு ஒன்னு வராது. வாலு முள்ளு மட்டும் பாத்துக்குங்க, வெசம்.”

விலையெல்லாம் பேசி முடித்த பிறகு விமலன் கேட்டான். “தொட்டி கீழதானண்ணே வெப்பீங்க? தண்ணி மட்டுமே ஒரு டன்னுக்கு மேல வரும். கண்ணாடி, ஸ்டேண்டு எல்லாம் சேத்தா ஒரு மைவி காடிய தூக்கி வீட்டுக்குள்ள வெச்ச மாதிரி. சிமெண்டுத் தரை வேணும்.”

“கீழதான்,” என்றான் யுவன். “சிமெண்டுதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எந்தக் கீழடா? உன் மீன் இருக்கறது மாடியிலல்ல?”

அவன் சிரித்தான். “அக்காவுக்கு எப்பவும் வெளையாட்டுதான்.”

விமலன் ராகினியைப் பார்த்தான். “அப்படியாக்கா?”

ராகினி கையிலிருந்த வெற்றிலைப் பையைப் பார்த்துக்கொண்டே, “அவருக்குத்தான் தெரியும்,” என்றாள்.

காடியில் ஏறியதும் நான் விடவில்லை. “ஏன்டி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

“வெளி ஆளுக்கு முன்னால அவரப் பொய்யனாக்கச் சொல்றீங்களாக்கா?”

“தலையில விழுந்தா வெளி ஆளா வந்து தாங்குவான்?”

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த யுவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். “வெள்ளக்காரன் காலத்து உத்தரம்க்கா அது. காட்டு மரம். யானை நின்னாலும் தாங்கும்.”

“எந்த யானை ஏறி நின்னுச்சு?”

சாலையின் இரு பக்கமும் செம்பனை இருட்டாக நின்றது, மழைக்கு முன்னால் வருகிற இருட்டு.

அந்தக் கடைவீடுகளைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். முகப்பு குறுகல், உள்ளே நீளம். நடுவில் வானம் பார்த்த ஒரு திறப்பு. வெளிச்சமும் காற்றும் அது வழியாகத்தான். புகை போக வேண்டுமென்பதால் ராகினியின் அடுப்பு அந்தத் திறப்பை ஒட்டி. வெளிச்சமும் குழாய்த் தண்ணீரும் வேண்டுமென்பதால் யுவனின் தொட்டியும் மாடியில் அதே திறப்பை ஒட்டி. மாடித் தரை வெறும் பலகை. மேலே பூப்போட்ட ரப்பர்ப் பாய் விரித்திருந்ததால் பலகை என்பதே கண்ணுக்குத் தெரியாது.

விமலனின் ஆட்கள் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, லோரியையும் ஆட்களையும் யுவனே பிடித்துக்கொண்டான். முன்பக்க ஜன்னல் பலகைகளைக் கழற்றி, கயிறு கட்டி, கண்ணாடித் தொட்டியை மாடிக்கு ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது. ராகினி மட்டும் பார்க்கவில்லை, உளுந்து வறுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நிரம்ப ஒரு பகலும் ஓர் இரவும் ஆயிற்று. மறுநாள் காலையில் என் பக்கத்துச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அரிசி மாவில் விழுந்திருந்தது. அந்த மாவை அப்படியே எடுத்துப்போய் அவன் முன்னால் கொட்டினேன். பெருக்கி எடுத்து, மன்னிப்புக் கேட்டு, புது அரிசி வாங்கிக் கொடுத்தான். தொட்டி மட்டும் அங்கேயே இருந்தது.

புரட்டாசி முடிந்ததும் தீபாவளி சீசன் தொடங்கிவிட்டது. ஆளுயர அடுக்காகச் சிவப்பு மூடி டப்பாக்கள் வந்து இறங்கின. என் மில் விடியுமுன்னே ஓடும். அரிசியும் வறுத்த உளுந்தும் அரைத்து, சலித்து, சூடு ஆறுவதற்குள் ராகினியிடம் போய்விட வேண்டும். அவள் வெண்ணெயும் தேங்காய்ப்பாலும் விட்டு, ஓமம் போட்டுப் பிசைவாள். பிழிவது சுப்பம்மா. பெம்பானிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஆயுசில் பாதியைத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரத்துக்குக் கொடுத்தவள். தீம்பார்க் காட்டில் மேஸ்திரி காட்டிய நிரையில் நின்ற பழக்கமோ என்னவோ, யார் எதைச் சொன்னாலும் சரிம்மா என்றுதான் சொல்வாள். பலகை மேல் அவள் கை சுற்றினால், ஒரு முறுக்குக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பொரிப்பதை மட்டும் ராகினி யாரிடமும் விடமாட்டாள். எண்ணெய் அடுப்பில் இருக்கும் நாளெல்லாம் அவளுக்கு விரதம். வீட்டில் கவிச்சி ஆகாது. மேலே யுவன் மீனுக்கு இறால் நறுக்குவான். அந்த வாடை திறப்பு வழியாக இறங்கும்போதெல்லாம் ராகினி மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு பொரிப்பாள்.

முதல் சொட்டு விழுந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சலித்த மாவை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உத்தரத்திலிருந்து ஒரே ஒரு துளி நேராகக் கொதிக்கிற எண்ணெயில் விழுந்தது. சட்டி சீறியது. ராகினியின் முழங்கையில் எண்ணெய் தெறித்தது.

“சுட்டுக்கிட்டீங்களாம்மா?” என்று சுப்பம்மா எழுந்து வந்தாள்.

“ஒன்னுல்ல. மழைத் தண்ணியா இருக்கும்.”

வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்தின் அடிவயிறு கறுத்து ஈரமாக மின்னியது. நேராக இருக்க வேண்டிய மரம் நடுவில் கொஞ்சம் இறங்கியிருந்தது. இறக்கி வைத்த மாவை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், நான் சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை.

யுவன் இறங்கி வந்தான். பம்பு குழாய் ஒழுகியது, இறுக்கிவிட்டேன் என்றான். மறுநாள் ஆலையிலிருந்து ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தான், ராகினி நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே. அதன் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தான்.

“எல்லாம் சரியா இருக்குன்னா முட்டு எதுக்குடா?” என்று கேட்டேன்.

“ஒரு சேஃப்டிக்குத்தான்க்கா.”

“சேஃப்டின்னா தண்ணிய எறக்கு.”

“திருக்கை இப்பத்தான் வந்திருக்கு. தண்ணி மாறுனா தாங்காது. தீபாவளி முடியட்டும்க்கா.”

அவன் போன பிறகு ராகினியைப் பிடித்துக்கொண்டேன். “இத்தன நாள் அவன் பேசுனான். இப்ப நீ பேசு. அடுப்ப எடுத்துட்டு என் மில்லுக்கு வந்துரு.”

“உங்க மில்லுல மாவு பறக்குது. நெருப்பு வெச்சா பத்திக்கும்னு நீங்கதான சொல்வீங்க?”

“மில்ல நிறுத்தறேன்டி.”

“நிறுத்துனா மாவு யாரு குடுப்பா?” அவள் கரண்டியால் முறுக்கைத் திருப்பிவிட்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். “இன்னொன்னும் இருக்குக்கா. சிரிக்காதீங்க. அது வந்த பெறகுதான ஆர்டர் வந்துச்சு. இப்ப அத அசைச்சு ஏதாவது ஆயிருச்சுன்னா?”

நான் சிரிக்கவில்லை. கோபந்தான் வந்தது. இத்தனை நாள் வெந்து செத்தவள், தன் கையை நம்பாமல் ஒரு மீனை நம்புகிறாளே என்று.

அந்த மீனை நான் ஒரு முறை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். செம்பு நிறம். செதில் ஒவ்வொன்றும் காசு அகலம். ஒரு கண் மட்டும் கீழே தொங்கி, எப்போதும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நடந்தபோது தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. குளியலறைக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு மூடவில்லை. நான் மெல்ல அடி வைத்துக் கீழே இறங்கிவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தினமும் மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டது. அன்றும் அப்படித்தான். நான் மாவுத் தூக்கோடு உள்ளே போனபோது ராகினி அடுப்பு முன்னால் நின்றாள். சுப்பம்மா முறுக்குப் பிழிந்துகொண்டு, பேத்தியின் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜொகூர் வேன் மறுநாள் வருவதாக இருந்தது. டப்பாக்களில் பாதிக்குமேல் இன்னும் காலி.

மேலே சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். உத்தரத்திலிருந்து மரத்தூளும் கரியும் பொலபொலவென்று எண்ணெயில் உதிர்ந்தன. முட்டுக் கொடுத்த இரும்புக் குழாய் அடிக்கட்டையிலிருந்து நழுவிச் சாய்ந்து நின்றது. ராகினி ஓர் எட்டு பின்னால் வந்தாள். சுப்பம்மாவின் கை பலகை மேல் அப்படியே நின்றுவிட்டது.

அன்று யுவனுக்கு வேலையில்லை. மாடிப்படியில் மெதுவாக, ஓரமாகக் காலை வைத்து வைத்து இறங்கி வந்தான். உத்தரத்தை வெகுநேரம் பார்த்தான். அதில் ஒரு கை நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன்.

அவன் ராகினியின் தோளைத் தொட்டான். ரொம்பப் பிரியமாகத்தான் தொட்டான்.

“நீ அங்க நிக்காத. இங்கிட்டு வந்துரு. நீ மாவு பெசஞ்சு பிழி.” பிறகு, தண்ணீர் கொண்டுவா என்பதுபோல சாதாரணமாகச் சொன்னான். “அடுப்புகிட்ட சுப்பம்மா நிக்கட்டும்.”



ராகினி வேண்டாம் என்று சொல்லவில்லை. உத்தரத்தைப் பார்த்தாள். காலி டப்பாக்களைப் பார்த்தாள். பிறகு சுப்பம்மாவைப் பார்த்தாள். அவள் யோசிக்கிறாள் என்பது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

சுப்பம்மா மாவுக் கையை மடியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சரிம்மா. குடுங்க, நான் பாத்துக்கறேன்,” என்று கையை நீட்டினாள்.

ராகினி கரண்டியைக் கொடுத்தாள்.

சுப்பம்மா உத்தரத்துக்கு அடியில் போய் நின்றாள். மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். எண்ணெயில் மிதந்த கரித்தூளைக் கரண்டியால் அரித்து எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ராகினி பாய்ந்துபோய் கேஸைத் திருகி மூடினாள். சுப்பம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் கரண்டி தரையில் விழுந்தது. இழுத்தவள் நிற்காமல் முன்வாசல் வரைக்கும் அவளைக் கொண்டுவந்து விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் நின்று ராகினி புருஷனைக் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. “தண்ணிய எறக்குங்க.”

“ராகினி, மீனு பயந்துரும். தீபாவளி வரைக்கும் மட்டும்…”

“நீங்க எறக்கலன்னா நான் மேல போறேன். எனக்கும் சேத்து எடை ஏறும். பரவால்லயா?”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மேலே போனான். கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னலிலிருந்து ரப்பர்க் குழாய் தொங்கியது. தண்ணீர் கடை முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதையில் கொட்டி, மழைத் தண்ணீரோடு கால்வாய்க்குள் ஓடியது. இறால் வாடை அடித்தது. சாயங்காலம் வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. மீனை நீலத் தோங்குப் பீப்பாயில் போட்டு, ஓரமாக நடத்தி இறக்கிக் கொண்டுவந்து என் மில்லில் வைத்தான். தோங்கின் வட்டத்துக்கு அது உடம்பை வளைத்துக்கொண்டு கிடந்தது. திருக்கை ஒரு ஐஸ் பெட்டியில். யுவன் அவற்றின் பக்கத்திலேயே குந்திக்கொண்டு விரலால் தண்ணீரின் சூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சுப்பம்மாவை அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

நான் டீ போட்டுக் கொடுத்தேன். சுப்பம்மா குடித்தாள். பிறகு முன்கூடத்திலிருந்த பலகைக்குப் போய், தன் பித்தளை அச்சை எடுத்து, குழாயடியில் மாவு போகத் தேய்த்துக் கழுவினாள். எப்போதும் சீசன் முடிகிறவரைக்கும் அச்சைக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“சுப்பம்மாக்கா,” என்றாள் ராகினி. “நாளைக்கு மில்லு பின்னால அடுப்பு போடப் போறேன். கொட்டாய்தான், மேல தகரம் மட்டும். வருவீங்கல்ல?”

சுப்பம்மா இத்தனை வருஷம் சொல்லிவந்த சரிம்மாவைச் சொல்லவில்லை. “பாப்போம்மா,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பெம்பான் பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகிறவரைக்கும் நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். நான் ராகினியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவரு சொன்னாருக்கா. சொல்லிட்டுப் போறாரு. நான் கரண்டியக் குடுத்தேன், பாத்தீங்களா?”

“பாத்தேன்,” என்றேன்.

“சுப்பம்மாக்காவும் பாத்தாங்க,” என்றாள் ராகினி.